இ4 மரபணு உள்ளவர்களுக்கு ‘அளவான குடி’ என்று ஒன்று உண்டா?

‘ரெண்டு பெக்குல என்ன ஆகிடப் போவுது, டாக்டர்களே இதயத்துக்கு நல்லதுன்னுதான சொல்றாங்க’ என்று என் மைத்துனர் அடிக்கடி சொல்வார். சராசரி மனிதரை வைத்துச் சொல்லப்படும் இந்த ஆறுதல், மறதிநோய்களில் ஒன்றான அல்சைமரின் ஆபத்தைக் கூட்டும், ஏபிஓஇ (APOE) மரபணுவின் இ4 வகையைச் சுமப்பவர்களுக்குப் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி. பொருந்தாது என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். அதற்கான காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் அப்பாவுக்கு அல்சைமர் நோய். தபால் துறையில் பணியாற்றியவர். இன்றும் பல ஊர்களின் பின்கோடு எண்களைத் தயங்காமல் சொல்கிறார். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தம் தம்பி என்று நினைத்துக்கொண்டு, ‘எப்படா ஊர்லேர்ந்து வந்தே?’ என்று கேட்கிறார். அவருடைய நோய் உறுதியான பிறகு நானும் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். அம்மா, அப்பா வழியாக வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று இ4 என்று முடிவு வந்தது.

அந்த மரபணு உருவாக்கும் புரதம், மூளைக்குள் கொழுப்பைச் சுமந்து செல்லும் வேலையைச் செய்கிறது. அமிலாய்டு என்னும் கழிவுப் புரதத்தை அகற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. இ4 வகை இந்த அகற்றும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அல்சைமரோடு தொடர்புபடுத்தினார்கள். ஒரு பிரதி இருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு. இரண்டு பிரதிகள் இருந்தால் அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் இது தலையெழுத்து அல்ல. இ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் ஏராளம். அதனால்தான் நம் கையில் இருக்கும் காரணங்கள் எவை என்பது எனக்கு முக்கியமாகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கிழக்கு பின்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு. 1972, 1977 ஆகிய ஆண்டுகளில் நடுவயதில் இருந்தபோது குடிப்பழக்கம் பற்றிக் கேட்கப்பட்டவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரை, சராசரியாக 23 ஆண்டுகள் கழித்து, முதுமையில் மறுபடியும் பரிசோதித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லேசான நினைவுக் குறைபாட்டைப் பொறுத்தவரை, அறவே குடிக்காதவர்களும் அடிக்கடி குடித்தவர்களும் எப்போதாவது குடித்தவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். மைத்துனர் சொல்லும் ஆறுதலுக்கு இது சாதகமாகத் தெரியும். ஆனால் மறதிநோயை மட்டும் தனியாக எடுத்து, இ4 உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது, இ4 உள்ளவர்களிடம் மட்டும் குடி கூடக் கூட ஆபத்தும் கூடிக்கொண்டே போனது. அந்த ஆய்வில் ‘அடிக்கடி’ என்பது மாதத்தில் சில முறை மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். மறதிநோய் வந்தவர்களின் எண்ணிக்கை அதில் குறைவு என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

பிரிட்டனில் அரசு ஊழியர்கள் 550 பேரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 14 முதல் 21 யூனிட் குடித்தவர்களுக்கே, நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருக்கும் வாய்ப்பு குடிக்காதவர்களைவிட மூன்று மடங்கு என்று கண்டது. ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். நம்மூர்க் கடையில் கிடைக்கும் 42.8 சதவீத விஸ்கியில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, ஏறத்தாழ 7.7 யூனிட். வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் என்றாலே 15 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. ‘வாரக் கடைசியில மட்டும்தான்’ என்பவர்களும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் குடிக்காதவர்கள் ஏன் சில ஆய்வுகளில் மோசமாகத் தெரிகிறார்கள்? உடல்நலம் கெட்டதால் குடியை விட்டவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். 2025இல், ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பின்னாளில் மறதிநோய் வந்தவர்கள், நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே குடியைக் குறைத்திருந்தார்கள். நோய்தான் குடியைக் குறைத்திருக்கக்கூடும். குறைந்த குடி நோயைக் கொண்டுவரவில்லை. குடிப்பழக்கத்தோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகளை வைத்து அதே கேள்வியை ஆராய்ந்தபோது, அளவான குடிக்கு எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை. அதை இ4 உள்ளவனாக நான் படித்தபோது, தயங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

குடியால் தூக்கம் கெடுவது, ரத்த அழுத்தம் ஏறுவது, பி1 வைட்டமின் உடலில் சேராமல் போவது, போதையில் விழுந்து தலையில் அடிபடுவது ஆகிய ஒவ்வொன்றும் மூளைக்குத் தனித்தனியே கேடு. அல்சைமரின் மாற்றங்கள் மறதி தெரிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன என்பதால், எழுபதில் விட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட எனக்கு மனமில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

என் தம்பி பரிசோதனைக்கு மறுத்துவிட்டான். அதில் தவறில்லை, டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, தன் முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது ஏபிஓஇ பகுதியை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். தெரிந்துகொள்ளச் சொல்லித் தம்பியை நான் வற்புறுத்தவில்லை. அப்பாவின் மகன் என்பதே அவனுக்குப் போதுமான தகவல் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை பாட்டிலைப் பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.