நிஷி-கசாய், டோக்கியோ, பிப்ரவரி

பிப்ரவரி 3
செத்சுபுன் பண்டிகை. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் வறுத்த சோயாவை வீசிப் பேயை விரட்டுகிறார்கள். கீழ்வீட்டில் சத்தமே இல்லை.

பிப்ரவரி 4
படிக்கட்டில் கீழ்வீட்டுத் தாத்தா, கையில் துணிப்பை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை. ‘தாய்ஜோபு தெஸ் கா’, நன்றாக இருக்கிறீர்களா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ‘தாய்ஜோபு தெஸ்’ என்றுதான் பதில் வரும். நன்றாக இருக்கிறேன் என்று அவரைச் சொல்லவைத்து அனுப்ப எனக்கு மனமில்லை. குனிந்து வணங்கினேன்.

பிப்ரவரி 6
ஜப்பானிய மொழி வகுப்பில் சென்செய் (ஆசிரியர்) சொல்லித்தந்தார்: ‘ஒகுசாமா நோ குஆய் வா இகாகா தெஸ் கா’. உங்கள் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி என்று மேலே போகக் கூடாதாம். அவர் சொல்கிற அளவுக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் என்றால் ஸ்கேன் ரிப்போர்ட் வரை வாங்கிப் பார்த்திருப்போம். அதுவும் அன்புதான்.

பிப்ரவரி 7
இரவு 11 மணி. கீழே இன்னும் விளக்கு எரிகிறது.

பிப்ரவரி 8
என்ன கொண்டுபோவது? தொட்டிச் செடி ஆகாது, வேர் பிடிப்பதுபோல் நோயாளி படுக்கையிலேயே தங்கிவிடுவாராம். கமேலியா முழுப்பூவாக உதிரும், ஆகாது. வெள்ளைச் சாமந்தி சாவு வீட்டுக்கு. பல ஆஸ்பத்திரிகளில் பூவே விடுவதில்லை. பணம் வைப்பதென்றால், உறையின் சிவப்பு வெள்ளைக் கயிறு அவிழாத முடிச்சாக இருக்க வேண்டும், நோய் திரும்பி வராமலிருக்க. எண்ணிக்கையில் நான்கும் ஒன்பதும் வேண்டாம். கடைசியில் மிகான் ஆரஞ்சு வாங்கினேன், 5.

பிப்ரவரி 10
கேட்டுவிட்டேன். ‘ஒகாகெசாமா தே... சுகோஷி...’, உங்கள் புண்ணியத்தில் கொஞ்சம் என்றார், முடிக்கவில்லை. கொஞ்சம் தேறியிருக்கிறாரா, கொஞ்சம்தான் தேறியிருக்கிறாரா? முகத்தைப் பார்த்தால் நன்றாகத் தூங்கிப் பல நாள் ஆனது போலிருந்தது. ‘கோமுரி நசராநாய்தே குதசாய்’ என்றேன், உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்று. பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெகுநேரம் குனிந்தே நின்றார். எல்லோரும் பாட்டியைத்தான் விசாரிக்கிறார்கள். இவர் சாப்பிடுகிறாரா?

பிப்ரவரி 11
அம்மா போனில்: “அந்தப் பெரியவருக்கு ஒரு ரசமாவது வச்சுக் குடுடீ.”

பிப்ரவரி 13
பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கம் ‘கோஷூஷோசாமா’, துக்கம் விசாரிப்பது. அதை இப்போது படிக்க மாட்டேன். சென்செயிடமும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14
விளக்கு இல்லை. தூங்கியிருப்பார்.

பிப்ரவரி 15
காலையிலும் பார்க்கவில்லை. நாளை எரியும் குப்பை எடுக்கும் நாள், அவர் பையையும் நானே கொண்டுபோய் வைக்கலாம். ‘நானிகா ஒதெத்சுதாய் தெகிரு கோதோ கா அரிமாஷ்தாரா’, ஏதாவது உதவி தேவைப்பட்டால் என்று சொல்லி, அங்கேயே நிறுத்திவிட வேண்டுமாம். மிச்சத்தை அவர் புரிந்துகொள்வார். ரசத்துக்குப் புளி ஊறப் போட்டிருக்கிறேன். காரம் குறைக்க வேண்டும். மணி 7, கீழே கதவு