அம்மாவின் ஸ்டேஜ்

மார்ச் 7, 2025, வெள்ளி

பெட் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. அம்மாவின் வலது நுரையீரலின் மேல் மடலில் 3.6 செ.மீ. கட்டி. நடுமார்பில் ஒரு நிணநீர்க் கணுவும் ஸ்கேனில் ஒளிர்கிறது, அங்கும் நோய் இருக்கலாம். உறவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கேன்சர் எந்த ஸ்டேஜ்?"

மார்ச் 10, திங்கள்

டாக்டர் பேப்பரில் எழுதிக் காட்டினார். டி (T) கட்டிக்கு, என் (N) கணுக்களுக்கு, எம் (M) வேறு உறுப்புகளுக்குப் பரவியதற்கு. 3 செ.மீ.க்கு மேல் 4 வரை டி2ஏ. அந்தக் கணுவில் புற்றுநோய் இல்லையென்றால் ஸ்டேஜ் 1பி, இருந்தால் 3ஏ. இந்த ஸ்டேஜ் முறையின் எட்டாம் பதிப்பின் கணக்கில் 1பி-யில் 68 சதவீதம் பேர் 5 ஆண்டுகளைத் தாண்டினார்கள், 3ஏ-வில் 36. அவர்கள் 1999க்கும் 2010க்கும் இடையே நோய் கண்டறியப்பட்டவர்கள்; இன்றைய மருந்துகள் பல அப்போது இல்லை.

"காசநோய் இவ்வளவு இருக்கிற ஊரில் ஒளிர்வதெல்லாம் கேன்சர் இல்லை. ஊசியால் கணுவிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்காமல் ஸ்டேஜ் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த நிதானத்துக்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

மார்ச் 12, புதன்

ஈபஸ். மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயின் முனையில் அல்ட்ராசவுண்ட். படம் பார்த்தபடியே கணுவில் ஊசி. தொண்டை மரத்துப்போயிருந்ததால் அம்மாவுக்கு உடனே தண்ணீர் தரவில்லை. அப்புறம் நர்ஸ் ஒரு ஸ்பூன் மட்டும் கொடுத்து, புரையேறுகிறதா என்று பார்த்தார்.

மார்ச் 17, திங்கள்

கணுவில் புற்றுநோய் இல்லை, வெறும் கிரானுலோமா, அழற்சியால் வரும் சிறு திரள்! காசநோய்ப் பரிசோதனையும் நெகட்டிவ். மூளை எம்.ஆர்.ஐ.யும் சுத்தம். நேரே ஆபரேஷன். கணு பாசிட்டிவாக இருந்திருந்தால் முதலில் மருந்து, இல்லையென்றால் கீமோவோடு கதிர்வீச்சு என்று பாதையே மாறியிருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

மேல் மடலை எடுத்தாயிற்று. ஆனால் அதற்குள்ளிருந்த ஒரு கணுவில் புற்றுநோய். நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் கணு என்பதால் அது என்1 (N1). ஆக 1பி இப்போது 2பி.

"அப்போ முத்திடுச்சா டாக்டர்?"

"இல்லம்மா. ஸ்கேனில் தெரியாதது மைக்ராஸ்கோப்பில் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

நடுமார்புக் கணுக்கள் எல்லாம் சுத்தம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ். பீடி, சிகரெட் தொடாதவர்களிடம் அதிகம் காணப்படும் மரபணு மாற்றம், அம்மாவும் தொட்டதில்லை. ஸ்டேஜில் இதற்கு இடமே கிடையாது, மருந்தை முடிவு செய்வதில் பாதி வேலை இதனுடையது. கீமோ 4 சுற்று, பிறகு 3 வருடம் தினம் ஒரு ஓசிமெர்டினிப், இந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை. அடாரா ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 88 சதவீதம் பேர் 5 ஆண்டுகள் கடந்து உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் 78.

விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. உதவித் திட்டம் இருக்கிறதாம், நாளை விசாரிக்க வேண்டும். முதல் கீமோ மே 5. மருந்து சிஸ்பிளாட்டின், அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம் என்பதால் அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனையும் காது டெஸ்டும்.