கருவாட்டுப் பொட்டலத்துடன் ஹம்பிக்கு

ராயபுரத்திலிருந்து, கர்நாடகத்தில் விஜயநகர இடிபாடுகள் இருக்கும் ஹம்பிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் முதுகுப்பையின் அடியில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு இருக்கும். மூன்று பிளாஸ்டிக் பைகளில் போட்டு, நாளிதழில் மடித்து, பழைய துண்டால் சுற்றினாலும், பெங்களூரில் ஏறும் ஹம்பி எக்ஸ்பிரஸில் நள்ளிரவுக்குள் எதிர் படுக்கைக்காரர் முகத்தைச் சுளித்துவிடுவார். 2014 ஜனவரியில் முதன்முறை போனபோது, அங்கே சைவச் சாப்பாடுதான் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு அம்மா திணித்தனுப்பிய பொட்டலம் அது. கோயிலைச் சுற்றிய பகுதிக்கு அது பொருந்தும். ஆற்றுக்கு அக்கரையில் நிலைமை வேறு என்பது அம்மாவுக்கும் எனக்கும் அப்போது தெரியாது.

அக்கரை என்றால் விருபாபுர கட்டி. விருபாட்சர் கோயிலுக்கு எதிரே, துங்கபத்திரையின் மறுபுறம் இருந்த, முதுகுப்பையோடு குறைந்த செலவில் ஊர் சுற்றும் பேக்பேக்கர்களின் ஊர். மோட்டார் படகில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் பரிசல்காரரிடம் கெஞ்ச வேண்டும். காசிமேட்டுப் படகுகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, முன் எது பின் எது என்று சொல்ல முடியாத பரிசல் பெரும் வியப்பாக இருந்தது. மூங்கில் பின்னலின்மேல் பிளாஸ்டிக் சாக்கை இழுத்துக் கட்டித் தார் பூசிய அந்த வட்டக் கூடையை, சுழலவிடாமல் ஒற்றைத் துடுப்பால் நேராகச் செலுத்துவது எங்கள் ஊர்க் கடலோடிகளுக்கும் உடனே கைவராது என்று நினைக்கிறேன்.

அங்கே ஓலைக் கொட்டகைகளில் தரையோடு மெத்தை விரித்திருப்பார்கள். சில கடைகளின் உணவுப் பட்டியல் ஹீப்ரு எழுத்திலும் இருக்கும். ராணுவப் பணி முடித்து வந்த இஸ்ரேலிய இளைஞர்களும், கருங்கல் பாறைகளில் கயிறின்றி ஏறுவதற்காகவே பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் வாரக்கணக்கில் தங்கினார்கள். பாறை ஏறும் காலணியைக் கடன் கேட்டால் கிடைக்கும். படித்து முடித்த புத்தகத்தை அடுத்தவருக்கு விட்டுச் செல்வார்கள். அங்கே தேநீர்க் கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கற்ற என் அரைகுறைத் தெலுங்கில் பேசி, அந்தக் கருவாட்டை வறுத்துத் தரச் சொன்னேன். ஐந்து நாட்டுக்காரர்கள் ஒரே தட்டில் கைபோட்டுத் தின்றார்கள். 2019 வரை அது ஆண்டுதோறும் நடக்கும் சடங்காயிற்று.

ஹம்பி 1986-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2011-இல் கோயில் முன்னிருந்த கடைவீதியின் குடியிருப்புகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. விருபாபுர கட்டியின் விடுதிகளை அகற்ற வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-இல் அளித்த தீர்ப்பை, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மார்ச் மாதம் இயந்திரங்கள் வந்தன. பாதுகாக்கப்பட்ட பகுதியில் விதியை மீறிக் கட்டியவை என்பதால் தீர்ப்பில் குறைசொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும், கூவக் கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரிகளில் ஏற்றியனுப்பியதைப் பார்த்தவன் என்பதால், அந்தச் செய்தியைப் படித்தபோது சட்டத்தைவிட அக்காவின் அடுப்புதான் என் நினைவுக்கு வந்தது.

ஊரடங்கு, வேலை, அப்பாவின் உடல்நிலை என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தக் குளிர்காலத்தில்தான் மறுபடி போனேன். விருபாபுர கட்டியில் நாங்கள் தங்கிய இடத்தை ஒரு மாமரத்தை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. பயணிகள் இப்போது பக்கத்து ஊர்களான சாணாப்பூர், ஆனெகுந்திப் பக்கம் ஹோம்ஸ்டேக்களில் பரவிக் கிடக்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பும் இளைஞர்களே அதிகம். நல்ல பிள்ளைகள்தாம், ஆனால் இரண்டு நாளில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரிவதற்குள் பையைக் கட்டிவிடுகிறார்கள். வேலை எதுவுமின்றி ஒரே இடத்தில் பத்து நாள் கிடந்தால்தான் கடன் கேட்கவும் கொடுக்கவும் ஆட்கள் உண்டாவார்கள் என்பது என் அனுபவம்.

இருட்டிய பின் வெளியே போகவும் தயங்குகிறார்கள். 2025 மார்ச்சில் சாணாப்பூர் அருகே கால்வாய்க் கரையில் இரவில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். இரண்டு பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கால்வாயில் தள்ளப்பட்ட ஆண்களில் ஒருவர் உயிரிழந்தார். நிலா வெளிச்சத்தில் வயல் வரப்புகளில் தனியாக நடந்த தோழிகளை எனக்குத் தெரியும். இம்முறை நான் தங்கிய வீட்டுக்காரர், ஒன்பது மணிக்கு வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.

அக்காவைத் தேடுவது எளிதாகவே இருந்தது. மூன்றாவதாக விசாரித்த பரிசல்காரர் வழி சொல்லிவிட்டார். சாணாப்பூர்ச் சாலையோரம் தகரக் கூரையின் கீழ் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். முகத்தை அடையாளம் காணுமுன் என் பையைத்தான் பார்த்தார். பொட்டலத்தை வாங்கி, முறத்தில் கொட்டி, பேச்சைத் தொடர்ந்தபடியே நெத்திலித் தலைகளைக் கிள்ளத் தொடங்கினார். கைகளில் பாறை ஏறுவோர் பிடிப்புக்காகப் பூசும் வெண்தூள் படிந்த ஒரு ஜெர்மன்காரப் பையன் வாசனையைக் கேள்விப்பட்டதுபோல் வந்து நின்றான். சும்மா நிற்காதே என்று முறத்தை அவன் பக்கம் நகர்த்தினார். அவனுக்குப் பத்து நாள் தங்கும் எண்ணமாம்.

புறப்படும்போது, அடுத்த முறை நெத்திலி வேண்டாம், வாளைக் கருவாடு கொண்டு வா என்றார் அக்கா. காசிமேட்டில் விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.