அட்டை காட்டும் மாதம்

2023 மார்ச் 5

நாளை முதல் மாத்திரை. 48 வயதில் கருத்தடை மாத்திரையா என்று எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சென்ற ஓராண்டாக ஒருமுறை 19 நாளிலும் அடுத்த முறை 50 நாள் கழித்தும் வந்து, வந்தால் பத்து நாள் படுத்திய இரத்தப்போக்குக்கு முன்னால் கூச்சம் நிற்கவில்லை. மருத்துவர் உடனே எழுதித் தந்துவிடவில்லை; கருப்பையின் உட்படலத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, கெடுதல் ஏதுமில்லை என்று தெரிந்த பிறகே மாத்திரைப் பேச்சை எடுத்தார். இரத்த அழுத்தத்தை இருமுறை பார்த்தார். புகைப் பழக்கம் உண்டா, ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் நெளிநெளியாக ஒளி தெரியுமா, எனக்கோ வீட்டில் யாருக்கோ காலில் இரத்தம் உறைந்ததுண்டா, மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தது என் நல்லகாலம்.

2023 மார்ச் 29

21 மாத்திரைகள் தீர்ந்து மூன்றாம் நாள், சொல்லிவைத்தாற்போல் இரத்தம் வந்தது; வெகு குறைவு. பழைய ஒழுங்கு திரும்பிவிட்டதென்று மகிழ்ந்தேன். அது மாதவிடாயே அல்ல என்று பிறகுதான் விளங்கியது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இருவகைப் பெண் ஹார்மோன்கள் சேர்ந்த இம்மாத்திரை கருமுட்டை வெளிப்படுவதையே தடுத்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்தும் நாட்களில் உட்படலம் உதிர்வதைத்தான் நாம் மாதவிடாய் என்று எண்ணிக்கொள்கிறோம். என் சினைப்பைகள் ஓய்ந்தே போயிருந்தாலும் இந்த இரத்தம் வந்துகொண்டுதான் இருக்கும்.

2023 ஜூலை 14

மாத்திரை போடும் மூன்று வாரமும் உடம்பு அமைதியாக இருக்கிறது; விடும் ஏழு நாளில்தான் வினை. நேற்றிரவு கழுத்தடியில் தொடங்கிய சூடு நொடியில் முகமெங்கும் ஏறி, தலையணை உறை பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. மூன்று முறை உறையைத் திருப்பிப் போட்டேன். வெளியிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் நின்றுபோக, உள்ளே சுரப்பது போதாமற்போவதால் வரும் தொல்லை இது. இடைவெளியை 4 நாளாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இடைவெளியே விடாமல் தொடர்ந்தாலும் தீங்கில்லையாம்.

2023 நவம்பர் 3

இடது கெண்டைக்காலில் வலி. வீக்கமில்லை, சிவப்பில்லை, ஆயினும் பயந்து ஓடினேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான். மாத்திரை போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு இரத்தம் உறைகிறதென்றால், போடுபவர்களில் 5 முதல் 12 பேர் வரை. வயது ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும். சிறிய எண்தான், ஆனால் நள்ளிரவில் கால் வலிக்கும்போது எந்த எண்ணும் சிறியதாகத் தோன்றுவதில்லை.

2024 மே 18

அக்கா மாதவிடாய் நிற்கும் காலத்துக்கான ஹார்மோன் சிகிச்சை எடுக்கிறாள். இரண்டும் ஒன்றுதானே என்றாள். அல்ல. அவளுடையது குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யும் அளவு மட்டுமே, கருத்தரிப்பைத் தடுக்காது. 51 வயதில் கருவா என்று சிரித்தாள். கடைசி மாதவிடாய் 50 வயதுக்குப் பின் வந்திருந்தால் ஓராண்டும், அதற்கு முன்பே நின்றிருந்தால் இரண்டாண்டும் பாதுகாப்பு வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது.

2024 அக்டோபர் 9

ஆர்வக்கோளாறு. மாதவிடாய் நின்றதா என்று அறிய, ஒரு பரிசோதனைக் கூடத்தில் நானாகவே பணம் கட்டி, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு பார்த்தேன்; மாதவிடாய் நின்றால் அது ஏறுமாம். இளம்பெண்ணுக்குரிய எண் வந்தது, அரைநாள் பூரித்துப்போனேன். மாத்திரை அந்த ஹார்மோனை அடக்கிவைத்திருக்கும்போது பார்த்த அளவுக்குப் பொருளே இல்லை என்று மருத்துவர் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். மாத்திரை போடுகிறீர்களா என்று இரத்தம் எடுத்தவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

2025 ஜனவரி 27

அடுத்த மாதம் 50 நிறைகிறது. அதற்குமேல் இந்தக் கூட்டு மாத்திரை வேண்டாம், புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளதற்கு மாறலாம் என்பது ஏற்பாடு. அதைப் போட்டுக்கொண்டே எஃப்.எஸ்.எச். பார்த்தால் அப்போது அந்த எண்ணை நம்பலாமாம். இரண்டாண்டாக என் நாட்காட்டியாக இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: கிழிந்த வெள்ளித்தாளில் 17 குழிகள் வெறுமை, நான்கில் மாத்திரை மீதி.