வால்ல கோடு போகுதா நிக்குதான்னு பாருங்க

போன ஆடிப்பெருக்குக்கு தர்மபுரில லோக்கல் லீவு. வீட்ல எல்லாரும் ஒகேனக்கல் கிளம்பிட்டாங்க, நான் மட்டும் வயிறு சரியில்லன்னு ஒரு பொய்ய சொல்லிட்டு பைக்க எடுத்துட்டு மீன் கடைக்கு போனேன் (சாப்புடற மீன் இல்ல, தொட்டி மீன்). மூலைல ஒரு தொட்டில ஒரு இஞ்ச் சைஸ்ல முப்பது நாப்பது குட்டிங்க, எல்லாமே சாம்பல் கலர், நடுவுல ஒரு கருப்பு கோடு, அவ்ளோதான். "இதென்னணா?"ன்னேன். "காக்கட்டூ அபிஸ்டோ தம்பி, மெட்ராஸ் கொளத்தூர்ல இருந்து நேத்து நைட்டுதான் பஸ்ல வந்துச்சு, இந்த சைஸ்ல ஜோடி எல்லாம் பிரிக்க முடியாது, ஆறா எடுத்துக்க"ன்னாரு. எடுத்துட்டு வந்துட்டேன். (அபிஸ்டோங்கறது ஒரு சின்ன தொட்டி மீன் வகை, அதுல நெறைய இனம் இருக்கு, காக்கட்டூ அதுல ஒண்ணு.)

மூணு மாசம் கழிச்சு பாத்தா ரெண்டுதான் காக்கட்டூ. மீதி நாலுக்கும் வால் நுனி அரச இலை மாதிரி ஒரே கூர்ல நீண்டுகிட்டு வருது, அது அகாசிஸி, அபிஸ்டோலயே வேற இனம். நாலும் ஆம்பள வேற. ரெண்டடி தொட்டில நாலு ஆம்பள அகாசிஸி என்ன பண்ணும்னு சொல்லவே வேணாம், ஒண்ணு ராஜா, மீதி மூணும் ஃபில்டர் பின்னாடி.

கடைக்காரர மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல, நானும் ஒழுங்கா பாக்கல. குட்டில எல்லாத்துக்கும் வால் ரவுண்டாத்தான் இருக்கும், காக்கட்டூவோட முதுகு துடுப்புல நிக்கிற கொண்டை, வால்ல ரெண்டு பக்கம் நீளுற முனை, இதெல்லாம் வளந்தப்புறம்தான் வரும், அதுவும் ஆம்பளைக்கு. அப்ப பாக்க வேண்டியது அந்த கருப்பு கோட்டத்தான். கண்ணுல இருந்து கிளம்புற கோடு அகாசிஸிக்கு வால் அடில நிக்காது, வாலுக்குள்ளயே போயிடும். காக்கட்டூவுக்கு வால் ஆரம்பிக்கிற எடத்தோட முடிஞ்சிடும், அதோட அந்த கோட்டுக்கு கீழ வயித்து பக்கம் மெல்லிசா பென்சில்ல இழுத்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு கோடு தெரியும், வாயும் கொஞ்சம் தடிச்சு இருக்கும். உடம்பு குட்டையா உயரமா கோடு மங்கலா இருந்தா பொரெல்லின்னு இன்னொரு அபிஸ்டோவா இருக்கலாம், அத நான் இதுவரைக்கும் ஒரு தடவைதான் கடைல பாத்துருக்கேன்.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா இந்த மீனுங்க மூடுக்கு ஏத்த மாதிரி கோட்ட மாத்திக்கும். பயந்துருந்தா நீள கோடு மறைஞ்சு குறுக்கு பட்டையா வரும், இல்லன்னா மொத்தமா வெளுத்துடும். அடில மண்ணே இல்லாத கண்ணாடி தொட்டி, மேல பளிச்சுன்னு டியூப்லைட்டு, அதுல எந்த மீன் ஒழுங்கா கோடு காட்டும்? அதனால இப்பல்லாம் ஒரு டீய வாங்கிட்டு தொட்டி முன்னாடி அசையாம பத்து நிமிஷம் நிப்பேன். கடைக்காரருக்கு கடுப்பாகும், ஆவட்டும்.

நாலும் ஆம்பளையா போனதுக்கு விதின்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அபிஸ்டோவுல குஞ்சா இருக்கும்போது தண்ணி சூடு எப்படியோ அதுக்கு ஏத்த மாதிரி ஆண் பெண் கணக்கே மாறுமாம், 1996லயே ரோமர், பைசன்ஹெர்ஸ்னு ரெண்டு பேரு முப்பதுக்கு மேல இனங்கள வச்சு பாத்து எழுதிருக்காங்க, சூடு ஏற ஏற ஆம்பள ஜாஸ்தி. நம்மூரு வெயில்ல பொரிச்சிருந்தா கேக்கவே வேணாம்! இன்னொரு கூத்து, அடிவாங்குற ஆம்பள குட்டி பொம்பள மாதிரியே கலர மங்க வச்சுகிட்டு திரியும், நீங்க ஜோடின்னு நெனச்சு தூக்கிட்டு வந்துடுவீங்க.

ரேம்னு இன்னொரு சின்ன தொட்டி மீன் இருக்கு, அதுலயும் இதே கததான். சாதா ரேமும் பொலிவியன் ரேமும் குட்டில ரெண்டுக்கும் கண்ணுல கருப்பு பட்டை, விலால ஒரு கருப்பு பொட்டு. டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாருங்க, சாதா ரேமுக்கு உடம்புல நீல மினுக்கு பொடி தூவுன மாதிரி தெரியும், பொம்பளைக்கு அந்த பொட்டு மேலயே மினுக்கும். பொலிவியனுக்கு அந்த நீலம் கிடையாது. இத தெரிஞ்சுக்கறது முக்கியம், ஏன்னா சாதா ரேமுக்கு தண்ணி 27ல இருந்து 30 டிகிரி வேணும், உப்பு கம்மியா மெத்துன்னு இருக்கணும். எங்க வீட்டு போர் தண்ணிய உப்பு அளக்குற மீட்டர்ல விட்டா 900 காட்டுது, பக்கெட்ல வெள்ளையா படியும், அதுல ரேம விட்டு ரெண்டு ஜோடி போயிடுச்சு. பொலிவியன் ஓரளவு தாங்குது. இப்ப ரேமுக்குன்னு மாடில மழ தண்ணி புடிச்சு வக்கிறேன், அம்மா அத துணி ஊற வைக்க எடுத்துடறாங்க, அது தனி பஞ்சாயத்து.

ஒண்ணே ஒண்ணு, முக்கா இஞ்ச் குட்டி முழு கலர்ல ஜொலிச்சா நான் பக்கத்துலயே போக மாட்டேன். ஹார்மோன் போட்டு கலர் ஏத்துறதும் நடக்குது, அப்படிப்பட்டது வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல வெளுத்துடும், முட்ட குஞ்சுன்னு எதையும் நம்ப முடியாது.

அந்த நாலு அகாசிஸில மூண கிருஷ்ணகிரி ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்கிட்டு போயிட்டான். அவன்கிட்ட காக்கட்டூன்னு சொல்லல.