மிதாகே மலையில் ஒரு சிவப்புக் கவசம்

தோக்கியோவில் சாமுராய் கவசம் பார்க்க வேண்டும் என்று கேட்டால், எல்லோரும் உவேனோவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் வழி சொல்வார்கள். நல்ல இடம்தான். ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த அப்பாவை நான் மேற்கே, ஓமே பக்கம் இருக்கும் மிதாகே மலைக்கு அழைத்துப் போனேன். அங்கே முசாஷி மிதாகே கோயிலின் பொக்கிஷ மண்டபத்தில் சிவப்புப் பட்டு நூலால் கோத்த ஒரு கவசம் இருக்கிறது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. ஹதாகேயாமா ஷிகெதாதா என்ற படைத்தலைவர் 1191-ல் காணிக்கையாகக் கொடுத்தது என்று சொல்கிறார்கள். அப்பா ஆயுள் முழுக்கப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். அந்த நூலை அவர் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஷிஞ்ஜுக்குவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அப்புறம் பஸ், அப்புறம் கேபிள் கார். மலை 929 மீட்டர் உயரம். கேபிள் காரில் மனிதர்களோடு நாய்களும் வருகின்றன. ஓநாயைக் காவல் தெய்வமாகக் கும்பிடும் கோயில் என்பதால், வளர்க்கும் நாய்க்கும் சேர்த்து வேண்டிக்கொள்ள வருகிறார்கள். மேலே போனபிறகும் படிகள் நிறைய. அப்பாவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம்.

மண்டபத்துக்கு வெளியே ஷிகெதாதா வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். 1184-ல் இச்சினோதானி போரில் செங்குத்தான சரிவில் இறங்கும்போது, குதிரைக்கு வலிக்கும் என்று அதைத் தானே சுமந்துகொண்டு இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. 1205-ல், அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஹோஜோ குடும்பத்தின் சூழ்ச்சியில் சிக்கி, இன்றைய யோக்கோஹாமாவில் இருக்கும் ஃபுதாமாதாகாவாவில் கொல்லப்பட்டார். குதிரைக் கதையை அப்பா இரண்டு தரம் கேட்டார்.

கவசம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வகைக்கு ஓயோரோய் என்று பெயர். குதிரையில் இருந்தபடி அம்பு எய்கிறவனுக்காகச் செய்தது. இரண்டு கையும் வில்லுக்கே போய்விடுவதால் கேடயம் பிடிக்க முடியாது. அதனால் தோளிலிருந்து இரண்டு பெரிய சதுரப் பலகைகள் தொங்குகின்றன. நாண் எதிலும் மாட்டாமல் வழுக்கிப் போக, மார்பின்மேல் வழவழப்பான தோல் போர்த்தியிருக்கிறது. மற்றதெல்லாம் தோலிலும் இரும்பிலும் வெட்டிய விரல் அகலச் சிறு தகடுகள். துளை போட்டு, உருஷி மரத்தின் பாலைப் பூசி இறுக வைத்து, வரிசை வரிசையாகப் பட்டுப் பின்னலால் கோத்திருக்கிறார்கள். வரிசைமேல் வரிசை ஏறி இறங்கும், உடம்பும் அதோடு அசையும். நூலை உருவினால் கவசம் கிடையாது, தகட்டுக் குவியல்தான் மிஞ்சும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது.

அப்பா எதுவும் பேசாமல் நெடுநேரம் பார்த்தார். அப்புறம், “ரெண்டு சாயம்மா இது. அந்த வெளுத்தது பழசு இல்ல, அதுதான் புதுசு” என்றார்.

“எப்படிப்பா சொல்றீங்க?”

“பின்னலைப் பாரு. வெளுத்தது தேயவே இல்ல. தேஞ்சதுதான் இன்னும் ரத்தமா நிக்குது.”

அவருக்கு ஒரு ஜப்பானிய எழுத்துகூடத் தெரியாது. ஆனால் விஷயம் அதுவேதான். 1903-ல் கவசத்தைச் செப்பனிட்டபோது, ரசாயனச் சாயம் போட்ட நூலைச் சேர்த்துக் கோத்தார்கள். அது இளஞ்சிவப்பாக வெளிறிவிட்டது. கவசம் செய்த ஹெயான் காலத்து (பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையிலான காலம்) நூலின் சிவப்பு எண்ணூறு வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது.

பழைய சிவப்பு அகானே என்ற கொடியின் வேரிலிருந்து எடுத்தது. நம் சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரும் அதே தாவரக் குடும்பம்தான். நம் பக்கம் சாயம் பிடிக்கப் படிகாரம் என்றால், ஜப்பானில் கமேலியா மரத்துச் சாம்பல். நூலை முக்கி, உலர்த்தி, மறுபடி முக்கி, நிறம் ஏற ஏற நாள்கணக்கில் செய்யும் வேலை. 1868-ல் ஜெர்மன் வேதியியலாளர்கள், சாயவேரில் சிவப்பைத் தரும் அலிசரின் என்ற பொருளைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதன்பிறகு சில பத்தாண்டுகளில் வேர்ச் சாயத்தொழில் எங்கும் சரிந்தது.

செப்பனிட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது, சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “அவங்கள குறை சொல்லாத. டப்பாவுல சாயம் வந்தப்போ நம்ம பெரியவங்களும் சந்தோஷமாத்தான் வாங்கியிருப்பாங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா நிமிஷத்துல ஏறுது. அன்னிக்கு இதைப் பார்த்தவனுக்கு அந்தப் புது நூல்தான் அழகாத் தெரிஞ்சிருக்கும்.” அவர் சொல்வது சரிதான் என்று இப்போது எனக்கும் படுகிறது. ஆனாலும் அந்த வெளிறிய வரிசைகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அதே மண்டபத்தில் சிப்பி இழைத்த ஒரு சேணம் இருக்கிறது, அதுவும் தேசியப் பொக்கிஷம். கீழே போகப் போக ஊதா அடர்ந்துகொண்டே போகும் இன்னொரு கவசமும் உண்டு. அதன்முன் அப்பா, நிறத்தை இப்படிப் படிப்படியாக ஏற்ற எத்தனை கொப்பரை வைத்திருப்பார்கள் என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபம் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில்தான் திறந்திருக்கும். மாலை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள். போனால், எந்த வரிசை பழசு எந்த வரிசை புதுசு என்று விளக்கப் பலகையைப் படிக்கும் முன்னால் நீங்களே தேடிப் பாருங்கள்.