சிட்டுவும் ஐப்பசி மழையும்

2024 அக்டோபர் 14, திங்கள்

நேற்று ராத்திரியும் மழை. காலையில் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே ஒரு நாற்றம். லத்தி வாடையும் இல்லை, மூத்திர நெடியும் இல்லை. ஏதோ அழுகின மாதிரி. என் குதிரை சிட்டுவின் வலது பின்னங்காலைத் தூக்கிக் குளம்பைக் கொக்கியால் சுரண்டியதும் தெரிந்துவிட்டது. குளம்படியில் நடுவே முக்கோணமாக, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்குமே, அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாகக் கசடு. குளம்பு அழுகல் ஆரம்பம்.

நான்கு நாளாகக் கொட்டகைத் தரை காயவே இல்லை. தப்பு அங்கேதான். ஈரத்தில் நிற்கிற குதிரைக்கு எந்த மருந்து வைத்தாலும் நிற்காது.

கசடை எடுத்து, கல்லுப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பல்துலக்கியை முக்கித் தேய்த்துக் கழுவினேன். அப்புறம் பருத்தித் துணியைத் திரி மாதிரி முறுக்கிப் பள்ளத்துக்குள் விட்டு இழுத்துத் துடைத்தேன். இந்தத் துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். துணி காய்ந்தபடி வெளியே வரும் வரை விடக்கூடாது. நனைந்த மண்ணை வழித்தெடுத்துவிட்டு, மூத்திரம் தேங்குகிற மூலையில் சுண்ணாம்புத் தூள் தூவி, மேலே காய்ந்த மணல் போட்டாயிற்று.

லாடம் அடிக்கிற பெரியவர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார். இன்று அவர் முறை. பார்த்ததும், "மயில்துத்தம் வெச்சு உட்டா ரெண்டே நாள்ல வத்திரும் கண்ணு" என்றார். அது உண்மைதான். ஆனால் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், அழுகலோடு சேர்த்து நல்ல சதையையும் சுட்டுவிடும். "உப்புலயே ஒரு வாரம் பாத்துக்கறனுங்க அப்பாரு" என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. லாடத்தைக் கழற்றி, குளம்பை மட்டும் சீவிவிட்டுப் போனார்.

அக்டோபர் 17, வியாழன்

மழை விட்டால் ஈ. ஈயை வெறும் தொந்தரவாக நினைத்த காலம் உண்டு. ரத்தம் குடிக்கிற பெரிய ஈக்கள் 'சர்ரா' என்ற காய்ச்சலை ஒரு மாட்டிலிருந்து குதிரைக்குக் கொண்டுவந்துவிடும் என்று கால்நடை டாக்டரம்மா சொன்ன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், குதிரை இளைத்துக்கொண்டே போகும், வயிற்றின் அடியில் நீர் கோர்க்கும். உறுதியாகக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனைதான் வழி.

நான் செய்வது இவ்வளவுதான்: வேப்பெண்ணெய் ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் பத்துப் பங்கு. முதல் தடவை கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் தடவி, ஒரு நாள் பார்த்தேன். தடிப்பு வரவில்லை என்ற பிறகே கால்களுக்கும் வயிற்றுக்கும் தடவினேன். கண்ணுக்குப் பக்கத்தில் கூடாது. அங்கே நெற்றியில் நூல் குஞ்சம் கட்டிவிட்டேன், தலையை ஆட்டும்போது ஈ ஓடிவிடுகிறது. சாயங்காலம் வேப்பிலை மூட்டம் போடுவதானால் கொட்டகைக்கு வெளியே, காற்று வருகிற பக்கம் தள்ளிப் போட வேண்டும். உள்ளே போட்டால் கொசுவோடு குதிரையும் இருமும்.

லத்தியைத் தினம் இரண்டு வேளை அள்ளிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவதுதான் இதையெல்லாம்விடப் பெரிய ஈ மருந்து.

அக்டோபர் 20, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்து மாமா மாட்டுத் தீவன மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "குதிரைக்கும் கொஞ்சம் போடு மாப்பிள்ளை, பளபளன்னு ஆயிரும்" என்றார். நல்ல மனசு. ஆனாலும் வாங்கவில்லை. சில மாட்டு, கோழித் தீவனங்களில் மோனென்சின் என்று ஒரு மருந்து கலந்திருக்கும். அளவாகக் கலந்திருந்தால் மாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. குதிரைக்கு மிகக் கொஞ்சம் போனாலே இதயத் தசையைக் கெடுத்துவிடும்.

தீனியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஆடிச் சந்தையில், அந்தியூர் குருநாதசாமி கோயிலில், சிட்டுவை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கத்தியவாரி இனம், செவலை. நிமிர்ந்து நின்றால் இரண்டு காது நுனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். வந்த புதிதில் என் தோட்டத்தில் தளதளவென்று நின்ற கோ-4 புல்லையும் வாளி நிறையத் தவிட்டையும் போட்டேன். மாட்டுக்கு நல்லதென்றால் குதிரைக்கும் நல்லதுதானே என்ற நினைப்பு. நான்கைந்து மாதத்தில் நடை விறைத்தது. டாக்டரம்மா மூக்கெலும்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார், லேசாகப் புடைத்திருந்தது. கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும், முகம் புடைக்கும்.

அதற்கு மருந்து ஊசியில் இல்லை, வயலிலேயே இருந்தது. குதிரை மசால்! பெயரிலேயே குதிரை இருக்கிறது, நான்தான் மாட்டுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புச் சத்து நிறைந்த தீனி. இப்போது அருகம்புல்தான் முக்கியத் தீனி, கூடவே தினம் இரண்டு கைப்பிடிக் கட்டு குதிரை மசால், காய்ந்த கடலைக்கொடி. கொடி மழையில் நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் ஒரு இணுக்குகூடப் போடுவதில்லை. கொள்ளு அரைக் கிலோ, ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்து. தவிடு ஒரு கைப்பிடி, வாசத்துக்கு மட்டும். நக்குவதற்கு இந்துப்புக் கட்டி.

சிட்டு 350 கிலோ இருப்பாள். காய்ந்த கணக்கில் ஆறேழு கிலோ தீவனம் ஒரு நாளைக்கு உள்ளே போக வேண்டும். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

அக்டோபர் 26, சனி

குளம்பு நாற்றம் போய்விட்டது. பள்ளம் வெளிறிக் காய்ந்திருக்கிறது.

வேலிக் கம்பியில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்டாள், முழங்காலுக்குக் கீழே விரலளவு. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு உப்பு ஒன்றரை டீஸ்பூன். அதை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். மேலே சுத்தமான தேன், சுத்தமான துணிக்கட்டு. மண்ணும் சாணியும் வைத்து அடைப்பது பழைய பழக்கம், இனிமேலாவது யாரும் செய்ய வேண்டாம். குதிரையை வில்வாதம் (டெட்டனஸ்) சுலபமாகப் பிடிக்கும். தடுப்பூசி போட்டு வருடம் ஆகியிருந்ததால் இன்றே போட்டாயிற்று. இதற்குக் கைவைத்தியம் கிடையாது.

நவம்பர் 1, வெள்ளி

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிடுகிறேன்.

நேற்று தீபாவளி. வெடிச் சத்தத்துக்குப் பயந்து சிட்டுவைப் பகலிலேயே உள்ளே கட்டி, ரேடியோவைப் போட்டுவிட்டேன். தண்ணீர்த் தொட்டியைக் காலையில் நிரப்பியதோடு சரி, அப்புறம் பார்க்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போனால் முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் காலையில் ஊற்றிய அளவிலேயே நின்றது. ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் குடிக்கிறவள்.

தாடை எலும்புக்கு அடியில், கயிறு மாதிரி உருளுகிற நாடியில் விரல் வைத்து எண்ணினேன். கால் நிமிடத்துக்கு 14, நிமிடத்துக்கு 56. அவளுக்கு எப்போதும் 36தான், வாரா வாரம் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன். விலாவில் காதை வைத்தேன். எந்நேரமும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிற வயிறு, வலது பக்கம் சத்தமே இல்லை.

சூலை, குதிரைக்கு வருகிற கடும் வயிற்றுவலி. டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டுத் தீனியை எல்லாம் எடுத்தேன். மெதுவாக நடத்தினேன். அதற்குள் மாமா ஓடிவந்துவிட்டார், கையில் மூங்கில் குழாய், சொம்பு நிறைய நல்லெண்ணெய், பெருங்காயம். "தலையைத் தூக்கிப் புடி, ஊத்தீரலாம்." நான் பிடிக்கவில்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிறு அடைத்திருக்கும்போது இன்னும் ஊற்றினால் இரைப்பையே வெடிக்கலாம். தலையைத் தூக்கி ஊற்றுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் சூலையில் பிழைத்த குதிரையும் சாகும். "வேண்டாங்க மாமா, டாக்டர் வந்துட்டே இருக்காங்க" என்றேன். அவருக்கு வருத்தம். ஆனாலும் போகவில்லை, டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா வந்தார். வலி ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தண்ணீரும் உப்பும் பாரபின் எண்ணெயும் இறக்கினார். தண்ணீர் குடிக்காமல் குடலில் தீனி இறுகிவிட்டது என்றார். எண்ணெய் என்று மாமா சொன்னதும் சரிதான், போகிற வழிதான் வேறு.

காலை நாலே முக்காலுக்கு லத்தி போட்டாள். நான்கு உருண்டை, வறண்டு, மேலே எண்ணெய் மினுக்கம். மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

நவம்பர் 4, திங்கள்

நாடி 36. ஈறு இளஞ்சிவப்பு, விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறது. அருகம்புல் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. கொள்ளு அடுத்த வாரம்.

தொட்டியின் உள்சுவரில் ஐந்து லிட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்டால் போட்டுவிட்டேன். காலையில் ஒரு முறை, மதியம், சாயங்காலம், படுக்கப்போகும் முன் ஒரு முறை பார்த்து எழுதுகிறேன். மழைக் குளிரில் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் குறைவாகத்தான் குடிக்கிறாள். ஒரு வாளி வெந்நீர் கலந்ததும் வித்தியாசம் தெரிந்தது. இன்று சாயங்காலம் வரை ஐந்து கோடு இறங்கியிருக்கிறது. லத்தி ஏழு தடவை.

இப்போது மறுபடியும் தூறல். காதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.